ஸ்டிக்கருக்கு வந்த போலீஸ்

ஒரு காரில் எவ்வளவு சாதியை ஒட்ட முடியும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் பரணிதரனின் வெள்ளைக் காரைப் பார்க்கலாம். முன்கண்ணாடியின் உச்சியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சங்கக் கொடி. பின்கண்ணாடியில் தீப்பிடித்த எழுத்தில் ‘ஆண்ட இனம்’. அதற்குக் கீழே வேலும் மயிலுமாய் முருகன். முருகனுக்குக் கீழே பரணிதரனின் இரண்டு பெண்களின் பெயர்கள். பெட்ரோல் மூடியில் சிங்கத்தலை. பம்பரில் திருஷ்டிக்காக ஒரு கோரைப்பல் முகம். இவ்வளவும் போதாதென்று, இரண்டு பக்கமும் முன்சக்கரத்துக்கு மேலிருந்து கதவின் பாதிவரை, குதிரைமேல் வாளோடு பாய்கிற மாமன்னர்.

அந்த மாமன்னர் எந்த நூற்றாண்டில் எந்த ஊரை ஆண்டார் என்று கேட்டால் சங்கத்துக்குள்ளேயே மூன்று பதில் வரும். முகத்தைத் தஞ்சாவூரில் ஒரு பிளெக்ஸ் கடைக்காரர் கம்ப்யூட்டரில் செய்து கொடுத்தார். மீசை சங்கத் தலைவருடையது. குதிரை இன்டர்நெட்டில் இறக்கியது; ஒரே படத்தை இரண்டு பக்கமும் ஒட்டியதில் இடப்பக்கக் குதிரை காரின் பின்பக்கம் பார்த்துப் பாய்கிறது. அதனால் என்ன? அவர்மேல் ஒரு துளி சேறு பட்டால் நாலு ஊருக்குப் பஸ் ஓடாது.

ஒரத்தநாட்டிலிருந்து மன்னார்குடி போகிற சாலையோரத்தில் அப்துல் ரஹ்மானின் வாட்டர் வாஷ் இருக்கிறது. மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை அந்தக் கார் உள்ளே வந்தது. பரணிதரனே ஓட்டி வந்தார். ரைஸ் மில் முதலாளி, சங்கத்தின் ஒன்றியச் செயலாளர். இறங்கிய வேகத்தில் கட்டளைகளும் இறங்கின.

“பாய், நாளைக்கு ஊர்வலம். முப்பது வண்டி. நம்ம வண்டிதான் முன்னாடி. முகம் தெரியணும் அதுல, அப்படி பாலிஷ் போட்டு வைங்க.”

“செம்மொழி பாத்துக்கும் சார். அது கை பட்டா பழைய வண்டியும் ஷோரூம்லேர்ந்து வந்த மாதிரி ஆயிரும்.”

பரணிதரன் அப்போதுதான் அவளைப் பார்த்தார். முழங்கால் வரை மடித்துவிட்ட பேன்ட், ஆண்கள் போடுகிற அரைக்கைச் சட்டை, கையில் ஃபோம் துப்பாக்கி.

“நீ எந்த ஊரு?”

“காரைப்பள்ளம்.”

“காரைப்பள்ளத்துல?”

இந்த இரண்டாவது கேள்வி எதற்கென்று இந்தப் பக்கத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். ஊரைச் சொன்னால் போதாது. தெருவைச் சொல்ல வேண்டும். தெருவைச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் சொன்ன மாதிரி.

“தெற்குத் தெரு,” என்றாள் செம்மொழி.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். “சரி. மாமன்னர் மேல பிரஷர் தண்ணி அடிக்கக் கூடாது. சக்கரம் தொடச்ச துணி அவரு மேல படக் கூடாது. புதுத் துணியா எடு. அப்பறம் செருப்பக் கழட்டிட்டு வேல பாரு.”

“சக்கரம் கழுவுறதுக்கு ஆசிட் ஊத்துற தரை சார் இது. கால் வெந்துரும்.”

“வேகட்டுமே. சாமி காரியம்னா சும்மாவா?”

நாலு மணிக்கு வருவேன் என்று சொல்லிவிட்டு, பின்னால் வந்த பைக்கில் ஏறிப் போனார். பைக் கண்ணுக்கு மறைந்ததும் செம்மொழி கழற்றிய செருப்பை மறுபடி மாட்டினாள். ரஹ்மான் பாய் வேறு பக்கம் பார்த்தார். அந்த மனிதருக்குத் தெரிந்த வீரம் அவ்வளவுதான். ஆனால் அது பல பேரிடம் இல்லாத வீரம்.

செம்மொழிக்கு வயது இருபத்தேழு. அப்பா வீரையன் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர். கூட்டத்தில் கேட்ட சொல் ஒன்று பிடித்துப்போய் மகளுக்கு வைத்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார்களுக்கு அது பிடிக்கவில்லை. தெற்குத் தெருவுக்கு இவ்வளவு பெரிய பேரா என்று ஒருவர் கேட்டார். பேர் பெரிதாகவே இருந்தது. பாலிடெக்னிக் முடித்தாள். முடித்த கையோடு, ஊர் ஊராக வேன் விட்டுப் பெண்களை ஏற்றிப்போகும் ஏஜென்ட் ஒருவன் மூலம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் கம்பெனியில் சேர்ந்தாள். பெயின்ட் ஷாப்பில் குறை பார்க்கிற வேலை.

அந்த வேலை இப்படி. சுரங்கம் மாதிரி ஒரு கூடம். சுவரிலும் கூரையிலும் வரிசை வரிசையாக டியூப் லைட். பெயின்ட் அடித்த வண்டிக்கூடு மெல்ல நகர்ந்து வரும். வண்டியைப் பார்க்கக் கூடாது, வண்டிமேல் விழுகிற லைட்டின் பிம்பத்தைப் பார்க்க வேண்டும். லைட் நேராக ஓடினால் தகடு நல்ல தகடு. எங்கே ஒரு மயிரிழை வளைகிறதோ அங்கே பள்ளம். ஒரு வண்டிக்கு ஐம்பத்தெட்டு வினாடி. நாலு வருஷம் அவள் வளைவுகளைப் பார்த்தாள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாற்பது பெண்களை வரிசையில் நிற்க வைத்து, கழுத்தில் கிடந்த அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். காரணம் கேட்டவளுக்கு, நீ கம்பெனி ஆளே இல்லை, கான்ட்ராக்ட் ஆள் என்று பதில் வந்தது.

ஊருக்கு வந்து ரஹ்மான் பாயிடம் வேலை கேட்டபோது அவர் சிரித்தார்.

“பொம்பளப் புள்ள கார் கழுவுறதா? பாக்குறவன் என்னம்மா சொல்லுவான்?”

“அந்த வண்டி பாலிஷ் முடிஞ்சதா பாய்?” என்று நின்றிருந்த ஒரு காரைக் காட்டினாள்.

“இப்பதான் முடிஞ்சுது. ஏன்?”

அவள் காரை ஒரு சுற்று வந்து ஏழு இடத்தில் விரல் வைத்தாள். ஏழும் குறை. பாய் மறுநாள் வரச் சொன்னார். அது ஆகிறது ஒன்றரை வருஷம்.

பரணிதரனின் காரில் ஃபோம் அடித்து ஊறவிட்டாள். அறுவடைக் காலம். வருகிற எல்லா வண்டியிலும் நெல் இருக்கும். சம்பா அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் ஈரம் என்று திருப்பி அனுப்பினால், விவசாயி எங்கே கொண்டுபோய்க் காயப்போடுவான்? களம் கிடையாது. இருந்த களத்தில் யாரோ கல்யாண மண்டபம் கட்டிவிட்டான். தார்ச்சாலைதான் களம். பாதிச் சாலையில் நெல், பாதிச் சாலையில் வண்டி. ஓடுகிற வண்டியின் இடுக்கெல்லாம் நெல்லும் சுணையும் ஏறிக்கொள்ளும்.

வைப்பருக்கு அடியிலிருந்து ஒரு பிடி நெல்லை வழித்துப் போட்டபோது அவளுக்கு அத்தை ஞாபகம் வந்தது. பதினோரு நாளாக எந்த நெல்லைப் பார்த்தாலும் வருகிற ஞாபகம்தான்.

அத்தை ரெங்கம்மாள் வீரையனின் அக்கா. அடுத்த வீடு. அரை ஏக்கர் குத்தகை நிலம். நாலு நாள் காத்துக் கிடந்து ஈரம் என்று திரும்பி வந்த நெல்லைச் சாலையில் கொட்டி, ராத்திரிப் பனிக்கு நீலத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தாள். தை மாதக் கடைசியில் ஒரு காலை, ஆறரை மணிக்கு, பனி விலகுவதற்குள் தார்ப்பாயை உருவப் போனாள். ஒரு கார் அடித்துத் தூக்கிப் போட்டுவிட்டுப் போயிற்று. நிற்கவில்லை. பார்த்த ஒரே ஆள், எதிர்த்த வயலில் இருந்த கிழவர். வெள்ளையாக இருந்தது என்றார். பனியும் வெள்ளையாகத்தான் இருந்தது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் ரெங்கம்மாள் போய்விட்டாள். அடையாளம் தெரியாத வாகனம் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. விசாரிக்கப் பைக்கில் வந்த ஏட்டு, நெல்லைக் காட்டி, “ரோடு என்ன ஒங்க வீட்டு முற்றமா?” என்று பிணத்தின் சொந்தக்காரர்களைக் கேட்டார்.

தார்ப்பாயை மடிக்கும்போது செம்மொழி அதில் ஒட்டியிருந்த ஒன்றை எடுத்தாள். உள்ளங்கை அகல ஸ்டிக்கர் துண்டு. மங்கிய அரக்கு நிறத்தின்மேல் தங்க நிறத்தில் ஒரு குதிரையின் பின்னங்காலும் வாலும். போலீசிடம் கொடுத்தாள். ஏட்டு திருப்பிக் கொடுத்தார்.

“இந்தக் குதிர ஒட்டாத வண்டி இந்த ஏரியாவுல எத்தன இருக்கு? அத்தனையும் புடிச்சு வைக்கவா?”

அதுவும் நிஜம்தான். அன்றிலிருந்து கடைக்கு வந்த ஒவ்வொரு மாமன்னரின் குதிரைக்கும் அவள் கால் எண்ணினாள். ஒன்பது குதிரைகள். எல்லாவற்றுக்கும் நாலு கால் இருந்தது. பரணிதரனின் காரிலும் எண்ணியாயிற்று. வலப்பக்கம் நாலு. இடப்பக்கம் நாலு.

தண்ணீர் அடித்து, துடைத்து, காரை உள்கூடத்தில் டியூப் லைட்டுக்கு அடியில் நிறுத்தினாள். வலப்பக்கம் பாலிஷ் முடிந்தது. ஸ்டிக்கர் ஓரங்களில் வெள்ளை வெள்ளையாகத் தங்குகிற பாலிஷ் பசையைச் சின்ன பிரஷால் எடுத்தாள். வலப்பக்க மாமன்னர் வெயிலில் கிடந்து, அரக்கு நிறம் செங்கல் நிறமாகியிருந்தது. இடப்பக்கம் வந்தாள். மாமன்னர் பளபளவென்று இருந்தார். நேற்று முடிசூட்டியது மாதிரி.

ஊர்வலத்துக்காகப் புதுசு ஒட்டியிருக்கலாம். அப்படியானால் ஏன் ஒரு பக்கம் மட்டும்?

அவள் பின்னால் நகர்ந்து, குனிந்து, மேலே எரிகிற லைட் தகட்டில் எப்படி ஓடுகிறது என்று பார்த்தாள். கதவில் நேராக வந்தது. சக்கரத்துக்கு மேலே, குதிரையின் பின்பக்கம் வந்ததும், வளைந்தது. மயிரிழை இல்லை. பாம்பு மாதிரி வளைந்தது.

ஸ்டிக்கர்மேல் கட்டைவிரலை வைத்து மெல்ல இழுத்தாள். அடியில் பள்ளத்தை நிரப்பப் பட்டி தேய்த்த சொரசொரப்பு. பெயின்ட் அடிக்கவில்லை. பட்டியை அப்பி, மேலே மன்னரை ஒட்டிவிட்டார்கள். விரல் இன்னும் கீழே போனது. ஓரிடத்தில் ஒரு வரப்பு. இன்னொரு ஸ்டிக்கரின் விளிம்பு.

“பாய், இங்க வாங்க.”

“என்னம்மா?”

“இந்தப் படத்துக்கு அடியில இன்னொரு படம் இருக்கு.”

“இருக்கும். பழச உரிச்சுக் குப்பையில போடக் கூடாதுன்னு அவங்களுக்கு ஒரு கணக்கு. மாமன்னரக் குப்பையில போட்டா குடும்பத்துக்கு ஆகாதாம். அதனால கிழிஞ்சாலும் மங்குனாலும் மேலயே ஒட்டிக்கிட்டுப் போவாங்க. சில வண்டிக் கதவுல நாலு மன்னரு ஒருத்தர் மேல ஒருத்தரு உக்காந்திருப்பாரு.” சொல்லிக்கொண்டு வந்தவர் அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

அவள் செல்போன் உறையைக் கழற்றி அந்தத் துண்டை எடுத்து அவருக்குக் காட்டினாள். விளக்க வேண்டியிருக்கவில்லை. ரெங்கம்மாள் சாவுக்கு அவரும் வந்திருந்தார்.

“யா அல்லாஹ்,” என்றார். பிறகு உடனே, “வேணாம்,” என்றார்.

“நான் இன்னும் ஒண்ணும் சொல்லலியே பாய்.”

“நீ சொல்லப் போறது தெரியும். வேணாம். போலீசுக்குச் சொல்லு. நீ கை வைக்காத.”

அவள் அதைத்தான் முதலில் செய்தாள். ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள். அதே ஏட்டு.

“ஸ்டிக்கருக்கு அடியில என்ன இருக்குன்னு ஒனக்கு எப்படித் தெரியும்? உரிச்சுப் பாத்தியா?”

“இல்லீங்க. தடவிப் பாத்தேன்.”

“தடவிப் பாத்தியா! கைரேகை ஜோசியம் பாக்குறியா? இந்தாம்மா, ஒனக்கு என்ன வேல? வண்டி கழுவுற வேலதானே? கழுவு.” போன் வைக்கப்பட்டது.

மணி இரண்டே முக்கால். நாலு மணிக்கு வண்டி போய்விடும். நாளைக்கு ஊர்வலம். ஊர்வலம் முடிந்ததும் நிதானமாக ஏதாவது ஒரு பட்டறையில் விட்டுத் தகட்டையே மாற்றிவிடுவார்கள். அவசரத்துக்குத்தானே மன்னரைக் காவலுக்கு நிறுத்தியிருக்கிறார்கள். நல்ல காவல். பூட்டுப் போட்டால் உடைப்பவன் இருப்பான். மாமன்னரை எவன் உரிப்பான்? ஒரு கொலையை மறைக்க இந்த நாட்டில் இதைவிட உறுதியான பொருள் இல்லை. ஒரு ரூபாய்க் கற்பூரம் காட்டிவிட்டால் எதன்மேலும் கை வைக்க முடியாது.

“பாய், வீடியோ எடுங்க,” என்று தன் போனை நீட்டினாள்.

“நான் எதுக்கு?”

“எனக்கு ரெண்டு கைதான இருக்கு.”

ரஹ்மான் பாய் போனை வாங்கிக்கொண்டார். “என் முகம் வராம பாத்துக்க,” என்றார்.

“நீங்கதான எடுக்குறீங்க? ஒங்க முகம் எப்படி வரும்?”

“கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டு வச்சிருக்கியேம்மா!”

ஸ்டிக்கரைச் சூடாக்குகிற மெஷினை எடுத்தாள். ஹேர் டிரையரின் பெரியப்பா மாதிரி இருக்கும். தூரத்தில் பிடித்து, ஓரத்தை இளக்கி, பிளாஸ்டிக் தகடால் நெம்பினாள். அவசரப்படவில்லை. மாமன்னர் வாள் முனையிலிருந்து ஆரம்பித்து, ஒரு பிசிறில்லாமல் முழுசாகக் கழன்று வந்தார். அவரைத் துணி காய்கிற கொடியில் கிளிப் போட்டு மாட்டினாள்.

அடியில் பழைய மாமன்னர் இருந்தார். வெயிலில் மங்கியவர். அவர் குதிரைக்குப் பின்னங்கால் ஒன்று இல்லை. வாலும் இல்லை. அந்த இடத்தில் தகடு உள்வாங்கி, சாம்பல் நிறப் பட்டி அப்பியிருந்தது. பட்டிக்குள் இரண்டு நெல், உமியோடு. துண்டை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள். விளிம்போடு விளிம்பு பொருந்தியது. சக்கர வளைவின் உள்பக்கம், பிளாஸ்டிக் மூடியைத் தகட்டோடு பிடிக்கிற ஒரு திருகில், நீல நிற நார் ஒன்று சுற்றிக் கிடந்தது. தார்ப்பாய் நார். ரத்தம் எதுவும் இல்லை. எவனோ நன்றாகக் கழுவியிருந்தான். ஆனால் தொழில் தெரியாதவன். சக்கர வளைவுக்குள் எப்படிக் கழுவ வேண்டும் என்று தெரியாதவன்.

செம்மொழிக்கு அழுகை வரவில்லை. நாரைத் தொடாமல் நின்றாள். அதைக் கிட்டே வந்து எடுக்கச் சொல்லிப் பாய்க்குக் கைகாட்டினாள்.

நாலு மணிக்குப் பரணிதரன் இரண்டு பேரோடு வந்தார். முதலில் கண்ணில் பட்டது கொடியில் தொங்கிய மாமன்னர்தான். வேறு எதையும் அவர் பார்க்கவில்லை. பதினோரு நாளாக எவனும் கேட்காத காரையும் பார்க்கவில்லை.

“எவடி கிழிச்சது?”

“கிழிக்கல சார். உரிச்சேன். ஓரம்கூட மடங்கல, பாருங்க.”

“யாரு மேல கை வச்சிருக்கன்னு தெரியுமா ஒனக்கு? தெற்குத் தெரு நாயி, துணி காயிற கொடியில மாட்டியிருக்கியா எங்க மன்னர?”

“ஈரத் துணிய அப்பறம்தான் போடலாம்னு இருந்தேன் சார்,” என்றாள். சொல்லியிருக்க வேண்டியதில்லை. வாய் அடங்கவில்லை.

அவர் கையை ஓங்கினார். ரஹ்மான் பாய் நடுவில் வந்து, “சார், கேமரா ஓடுது, சார், கேமரா,” என்றார். கை நின்றது. வந்த மூன்று பேரின் செல்போன்களும் ஆட்களையும் போலீசையும் கூப்பிட ஆரம்பித்தன. எண்ணி எட்டு நிமிஷத்தில் ஜீப் வந்தது. ரெங்கம்மாளுக்காகப் பதினோரு நாளாக வராத ஜீப், ஒரு ஸ்டிக்கருக்காக எட்டே நிமிஷத்தில் வந்தது. அதில் அந்த ஏட்டும் இருந்தார். வியர்த்திருந்தார்.

சாலையில் அதற்குள் சாதிச் சங்கத்து ஆட்கள் நாற்பது பேர் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு பஸ்ஸும் ஒரு நெல் லாரியும் நின்றன. உடனே கேஸ் போட வேண்டும், எஃப்.ஐ.ஆர். காப்பி கையில் வந்தால்தான் எழுந்திருப்போம் என்றார்கள். இன்னொன்றும் சொன்னார்கள். அவமானம் நடந்த வண்டியை அப்படியே எடுத்துப் போக வேண்டும். யாரும் ஒரு தூசி தட்டக் கூடாது. ஓட்டிக்கொண்டும் போகக் கூடாது. அது சாட்சி. கட்டி இழுத்துப்போகிற வண்டியைச் சங்கச் செலவிலேயே கூப்பிட்டார்கள்.

ஸ்டேஷனில் செம்மொழியை ஒரு பெஞ்சின் ஓரத்தில் உட்கார வைத்திருந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் அனுசுயா முப்பதைத் தாண்டாதவர். மாற்றலாகி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வாசலில் கோஷம் கேட்டுக்கொண்டே இருந்தது. பரணிதரன் நின்றபடி சொல்லச் சொல்ல ரைட்டர் கம்ப்யூட்டரில் அடித்தார். பின்னால் நின்றவர்கள் எடுத்துக் கொடுத்தார்கள்.

“இதயும் சேர்த்துக்கங்க. மாமன்னர் திருவுருவம் ஏறுன நாள்லேர்ந்து அந்த வண்டிய நான் கோயிலாத்தான் நெனைக்கிறேன்.”

“சேத்தாச்சு.”

“செருப்பு போட்டு ஏறுனதில்ல. டிரைவர் வச்சிக்கல. மூணு வருஷமா என்னத் தவிர ஒருத்தன் அந்த ஸ்டியரிங்கத் தொட்டதில்ல. எந்தம்பி கேட்டும் சாவி குடுக்கல. போடுங்க. அப்பதான் தெரியும், எவ்வளவு பெரிய அவமானம்னு.”

“அப்படிப் போடுங்கண்ணே!” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ரைட்டர் போட்டார். அச்சடித்து வந்ததில் பரணிதரன் கையெழுத்து வைத்தார். எஃப்.ஐ.ஆர். எண் விழுந்தது. காப்பியைத் தூக்கிக் காட்டியதும் வெளியே கைதட்டினார்கள். செய்தி போய், வாட்டர் வாஷ் முன்னால் சாலையும் திறந்தது.

அனுசுயா பெஞ்சின் பக்கம் திரும்பினார். “ஏம்மா, நீதான செஞ்சது?”

“நான்தான் மேடம்.”

“எதுக்கு?”

“அதக் கேக்க மாட்டீங்களோன்னு நெனச்சேன்.”

செம்மொழி போனைக் கொடுத்தாள். பாய் எடுத்த வீடியோ ஓடியது. அனுசுயா ஒரு தடவை பார்த்தார். மறுபடி பார்த்தார். பதினோரு நாளுக்கு முந்தின ஃபைலைக் கேட்டார். ஏட்டு அலமாரியில் இல்லாத இடத்திலெல்லாம் தேடினார். கடைசியில் இருந்த இடத்திலிருந்தே எடுத்தார். அனுசுயா டார்ச்சோடு வெளியே போய், மழைக்காகப் போட்ட தகரத்தின் கீழ் நின்ற காரைச் சுற்றி வந்தார். குனிந்தார். சக்கர வளைவுக்குள் வெளிச்சம் அடித்தார். திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது.

“சார், தை இருபத்தாறாம் தேதி காலையில ஆறரை மணிக்கு இந்த வண்டி எங்க இருந்துச்சு?”

பரணிதரனுக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. “அன்னிக்கு... டிரைவர் எடுத்துட்டுப் போயிருப்பான்.”

அனுசுயா எஃப்.ஐ.ஆரை எடுத்து, ஸ்டியரிங்கை வேறு யாரும் தொட்டதில்லை என்ற வரிக்குக் கீழே பேனாவை வைத்து, அவர் பக்கமாகத் திருப்பினார்.

பின்னால் நின்றவர்கள் சத்தம் போடாமல் ஒவ்வொருவராக வாசல் பக்கம் நகர்ந்தார்கள். அப்படிப் போடுங்கண்ணே என்ற குரலுக்குச் சொந்தக்காரர் முதல் ஆளாகப் போனார்.

கதை இங்கே முடிந்திருந்தால் இது வேறு நாடு. அரை மணி நேரத்தில் போன் வர ஆரம்பித்தது. அனுசுயா எழுந்து நின்று பேசிய போன்கள் மூன்று. பிறகு சங்கத்தில் பெரிய மனிதர்கள் என்று சொல்லிக்கொள்கிற இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் கோபமாக வரவில்லை. பழக்கூடையோடு வராததுதான் குறை. வீரையனையும் அவர்களே காரில் அழைத்து வந்திருந்தார்கள்.

“சின்னப் பொண்ணு. தெரியாம பண்ணிருச்சு. ஒரு மன்னிப்புக் கடுதாசி எழுதிக் குடுக்கட்டும். நாங்க எங்க கேஸ இழுக்கல. ஒரு ஓரமா உரிஞ்சிருந்துச்சு, சரி பண்ணப் போயி கையோட வந்துருச்சு. அவ்வளவுதான். மத்ததெல்லாம் அந்தம்மா குடும்பத்துக்கு என்ன செய்யணுமோ மனசாரச் செய்யிறோம்.”

அதாவது ஸ்டிக்கர் கேஸ் போய்விடும். ஸ்டிக்கரை வேண்டுமென்று உரித்த ஆள் இல்லையென்றால், உரித்தபோது கண்டதும் இல்லை. வீடியோ சின்னப் பொண்ணின் விளையாட்டு. பட்டி எப்போதோ அப்பியது. ரெங்கம்மாள் மறுபடி அடையாளம் தெரியாத வாகனத்தில் அடிபட்டுச் செத்துப்போவாள்.

வீரையன் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் முழங்கால் நடுவில் வைத்திருந்தார்.

“எழுதிக் குடுத்துரும்மா.”

“அப்பா.”

“போனவ போயிட்டா. இருக்கறவளயும் தூக்கிக் குடுக்கவா? இவங்க இன்னிக்கு இப்படிப் பேசுவாங்க. நாளைக்குத் தெருவுக்கு வருவாங்க. நான் பாத்திருக்கேன்.”

“எம்பேர மேடையில கேட்டு வச்சேன்னு ஊரெல்லாம் சொல்லுவீங்களே. அந்த மேடையில இதத்தான் சொன்னாங்களா?”

“மேடையில பேசுறவன் வீட்டுக்குப் போயிருவான். நாமதான தெருவுல இருக்கணும்.”

அவள் அவரைப் பார்த்தாள். அப்பாமேல் கோபம் வந்தது. அவரை இப்படிக் கெஞ்ச வைத்தவர்கள்மேல் அதைவிட நூறு மடங்கு வந்தது. பயத்தைக் கூலியோடு சேர்த்துக் கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள். ஒரு தலைமுறை வாங்கி, அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கிறது.

“அப்பா, அத்தை செத்த அன்னிக்கு ஏட்டு நெல்லக் காட்டி என்ன கேட்டாருன்னு ஞாபகம் இருக்கா? நீங்க அப்ப என்ன பதில் சொன்னீங்க?”

வீரையன் பதில் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை.

“நான் சொல்லிட்டு வரேன்,” என்று எழுந்தாள்.

அனுசுயா மேஜையில் ஒரு வெள்ளைத் தாள் இருந்தது. மன்னிப்புக் கடிதத்துக்கு எடுத்து வைத்தது. அதன் பக்கத்தில் பெரிய மனிதர்களில் ஒருவரின் பேனா, மூடி கழற்றி.

“மேடம், எஃப்.ஐ.ஆர்.ல இருக்கறது உண்மை. நான்தான் உரிச்சேன். தெரிஞ்சே உரிச்சேன். ரெண்டே முக்கால் மணிக்கு ஸ்டேஷனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன், கேக்கல. அதுக்கப்பறம் உரிச்சேன். ஓரமா உரிஞ்சிருந்துச்சுன்னு எழுதாதீங்க, ஒரு ஓரமும் உரியல. எனக்கு என்ன தண்டனையோ குடுங்க. ஆனா நான் உரிச்சேன்னு எழுதணும். எதுக்கு உரிச்சேன்னும் எழுதணும். அடியில என்ன இருந்துச்சுன்னு எழுதணும்.”

“ஒம்மேல கேஸ் நிக்கும்மா,” என்றார் அனுசுயா. குரல் தாழ்ந்திருந்தது. “வேலைக்கு, பாஸ்போர்ட்டுக்கு, எல்லாத்துக்கும் வந்து நிக்கும். எனக்கும் மேலேர்ந்து போன் வருது. நான் எத்தன நாள் இந்த மேஜையில இருப்பேன்னு எனக்கே தெரியாது.”

“அதனாலதான் இன்னிக்கே எழுதுங்கன்னு சொல்றேன்.”

பெரிய மனிதர் ஒருவர் சிரித்துக்கொண்டே, “பாப்பா, கொஞ்சம் யோசிச்சு...” என்று ஆரம்பித்தார்.

“நான் பாப்பா இல்ல. அக்கியூஸ்ட். என்கிட்ட நீங்க பேசக் கூடாது.”

ரைட்டர் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டார். வாசலில் யாரோ செருமினார்கள். ரஹ்மான் பாய். கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். சட்டை மாற்றியிருந்தார்.

“வீடியோ எடுத்தது நான்தான் மேடம்,” என்றார் பொதுவாகக் காற்றைப் பார்த்து. “என் பேரையும் போட்டுக்கங்க.” சொல்லிவிட்டு, சொன்னது தான்தானா என்பதுபோல் ஒரு தடவை விழித்தார்.

அனுசுயா வெள்ளைத் தாளையும் அந்தப் பேனாவையும் மேஜையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, ரைட்டரைப் பார்த்தார். ரைட்டர் கீபோர்டை இழுத்துக்கொண்டார். செம்மொழி சொன்னாள். பெயர், அப்பா பெயர், ஊர். தெருவை யாரும் கேட்பதற்குள் அவளே சொன்னாள். டியூப் லைட் எங்கே வளைந்தது, விரலில் என்ன தட்டுப்பட்டது, நார் எந்தத் திருகில் சுற்றியிருக்கிறது, எல்லாம் சொன்னாள். பெயின்ட் ஷாப்பில் குறை எழுதிக் கொடுக்கிற மாதிரி, வரிசையாக, அளவோடு. வீரையன் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து மகளுக்குப் பின்னால் நின்றார். ரெங்கம்மாள் வயது ஐம்பத்தெட்டு என்று ரைட்டர் அடித்தபோது, “அறுபத்தொண்ணுங்க,” என்று திருத்தினார்.

“வேற எதாவது சேக்கணுமா?” என்றார் அனுசுயா.

“ஆமா மேடம். அந்த வண்டியில தண்ணி படக் கூடாது. தூசி படிஞ்சாலும் பறவ எச்சம் போட்டாலும் அப்படியே இருக்கட்டும். யாராவது வந்து நல்ல மனசோட கழுவித் தரேன்னு கேப்பாங்க. கழுவக் கூடாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

ரைட்டர் அதையும் அடித்தார்.